நன்றியறிதல் என்பது யாது?

பிறர் செய்த உதவியை மறவாமை மக்கட்கு இன்றியமையாத அறம் என்பதனை மறுப்பார் ஒருவரும் இலர். திருவள்ளுவனார் இவ்வறத்துக்கெனத் தனியே ஓரதிகாரம் வகுத்துச் 'செய்ந்நன்றியறிதல்' என அதற்குப் பெயரும் இட்டனர். அப்பெயரைப் பலகாலும் ஓதியும் ஓதுவித்தும் வந்த யான், அதன்கண் நின்ற 'அறிதல்' என்னும் சொல்லை உற்றுநோக்கியது என் அறுபத்துமூன்றாம் ஆண்டில், நடுவழியில் ஒரு வண்டி நின்றுபோன பின்னரேயாம். நன்றிக்கு ஈடுசெய்தல் என்னாது, கைம்மாறு செய்தல் என்னாது, 'அறிதல்' என்றது என்னை? எதனை அறிதல்? எத்துணைக் காலம் அறிதல்? உதவினார்க்குப் பொருள் கொடுத்த அளவில் அக்கடமை தீர்ந்ததாகுமோ? எல்லாம் திருவருளால் நிகழ்வன என்று கொள்ளும் நம்மனோர்க்கு, இடைநின்ற மனிதர்பால் நன்றி பாராட்டும் கடப்பாடு உண்டோ, இலதோ? இவ்வினாக்களை ஏட்டளவில் ஆராய்தல் எளிது. நிகழ்ச்சியொன்றனை முன்வைத்து ஆராயின், ஆராய்வான்தன் குறையும் உடன் வெளிப்படும். அங்ஙனம் வெளிப்பட்ட என் குறையையும் மறையாது ஈண்டு எழுதுகின்றேன்.

சில ஆண்டுகட்கு முன்னர்ச் சித்திரைச் சதயத்துக்கு முதல் நாள், திருவதிகையில் நிகழவிருந்த அப்பமூர்த்திகள் குருபூசையின் பொருட்டு, யானும் நண்பர் மூவரும் கும்பகோணத்திலிருந்து வாடகைக் காரில் புறப்பட்டோம். அணைக்கரையிற் கொள்ளிடத்தைக் கடந்து மீன்சுருட்டியை நோக்கிச் செல்லுங்கால் வண்டியின் முன்புறத்தினின்று ஆவி எழுந்தது. ஓட்டுநர் இறங்கி மூடியைத் திறந்து பார்த்து, பெல்ட் அறுந்துவிட்டதென்றும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் அதனாற் சுழலாது கொதித்துவிட்டதென்றும், இனி ஒரு மைல் ஓட்டினும் எஞ்சினே கெட்டொழியுமென்றும் கூறினார். காலை ஒன்பதரை மணிக்கே வெயில் கடுமையாயிருந்தது. எங்களுள் ஒருவர் எழுபது கடந்தவர்.

சாலையோரத்தே ஓர் ஓட்டுவீடு இருந்தது. அதன் திண்ணையிலிருந்த மூதாட்டியார் எங்களை அழைத்து நிழலில் இருத்தி, பானையினின்று நீர்மோர் முகந்து கொடுத்தார். வயலினின்று மோட்டார் சைக்கிளில் மீண்ட அவர் மகனார், யாம் கேளாமுன்னரே எங்கள் ஓட்டுநரைப் பின்னே அமர்த்திக்கொண்டு ஜெயங்கொண்டத்துக்குச் சென்றார். அங்கே அவர்க்குப் பழக்கமான மெக்கானிக் அன்று பட்டறையைப் பூட்டிவிட்டுத் தம் தங்கை மகளின் காதணி விழாவில் இருந்தார். செய்தி கேட்டவுடன் பந்தியினின்று எழுந்து, கடையொன்றைத் திறப்பித்துப் பெல்ட் வாங்கிக்கொண்டு வருவதாக ஒப்பினார் என்று தொலைபேசியிற் செய்தி வந்தது. எப்படியும் மூன்று மணி நேரம் ஆகும் என்றனர்.

அப்பொழுது அவ்வம்மையார், "இங்கே உட்கார்ந்து வெயிலில் வேகுவானேன்? இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பெரிய கோயிலைப் பாராமற் போகலாமா, ஐயா? பையன் கூட வருவான், போய் வாருங்கள்" என்று கூறி, அயல்வீட்டாரின் ஆட்டோவையும் வருவித்துப் பள்ளியிற் பயிலும் தம் பேரனை எங்களோடு அனுப்பினார். பெரிய கோயில் என்று அவர் கூறியது கங்கைகொண்ட சோழபுரத்துத் திருக்கோயிலை. அச்சாலையிற் பன்முறை சென்றிருந்தும், யான் அத்திருக்கோயிலைக் கண்டது இளமையில் ஒரே முறை. ஏனைக் காலங்களிலெல்லாம், அடுத்த ஊரில் யாரோ காத்திருக்கின்றார் என்னும் விரைவே என்னைத் தடுத்தது.

1014 முதல் 1044 வரை அரசாண்ட முதலாம் இராசேந்திர சோழன், தன் படை கங்கைக்கரை சென்று மீண்ட வெற்றியின் நினைவாக அமைத்த நகர் அது. ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் சோழர் தலைநகராய் விளங்கியது. கங்கைநீர் பெய்து அவன் அமைத்த சோழகங்கம் என்னும் ஏரியை, நீராலாகிய வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றும். ஏறத்தாழ 55 மீட்டர் உயர்ந்த விமானம், தஞ்சைத் திருக்கோயில்போல் நேர்கோட்டில் விரைந்து எழாது, உள்வளைந்து மெல்ல எழுகின்றது. 2004-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களுள் அதுவும் சேர்க்கப்பெற்றது. இவற்றையெல்லாம் யான் நூல்களால் அறிவேன். அறியாதவற்றைக் காட்டியவன் அச்சிறுவனே.

அவன் எங்களை வடபால் வாயிலருகே அழைத்துச் சென்று, அம்மையோடு வீற்றிருக்கும் பெருமான் தம் திருவடிக்கீழ்க் கைகூப்பி அமர்ந்த அடியவர் ஒருவர் தலையிற் கொன்றைமாலை சுற்றும் திருவுருவைக் காட்டி, "ராஜாவுக்குச் சாமி முடிசூட்டுகிறது என்று சொல்லுவார்கள், ஐயா" என்றான். அங்ஙனம் கருதுவாரும் உளர். எனினும் அவ்வடியவர் சண்டேசுர நாயனாராவர் என்று கூறி, சேய்ஞலூர் விசாரசருமர் வரலாற்றை அவனுக்கு உரைத்தேன். மண்ணியாற்றங்கரையில் மணலால் இலிங்கம் அமைத்து ஆன்பால் ஆட்டிய சிறுவர், பூசைக்கு இடையூறு செய்த தந்தையின் காலை வெட்டியதும், பெருமான் தோன்றித் தாமே தந்தையென அருளித் தம் மாலையையே அவர்க்குச் சூட்டியதும் கேட்டு, அவன் அச்சிலையையே நோக்கி நின்றான். இவ்வளவு காலம் இதனைத் தான் அறியாது பலர்க்கும் காட்டிவந்ததாக நாணத்தோடு கூறினான்.

யானும் அத்திருவுருவை நோக்கி நின்றேன். இறைவன் ஒரு குறையும் இலன். ஒரு சிறுவன் சொரிந்த பாலால் அவனுக்கு ஆவதொன்றில்லை. அங்ஙனமாகவும் அவன் தன் கையாலேயே மாலை சுற்றுகின்றான். இஃது ஈடன்று, பாலுக்கு விலை கொடுத்ததும் அன்று. 'நீ செய்தது என்னால் அறியப்பட்டது' என்பதே அம்மாலையின் பொருள். வேண்டுவதொன்றில்லாதவனே அறிந்தமை காட்டுவானாயின், பிறர் தந்த மோராலும் நிழலாலும் உயிர் தாங்கும் நம்மனோர் செயற்பாலது யாது?

வலம்வருங்கால் தனிக்கோயில் கொண்ட சண்டேசுரரை வணங்கினோம். அவர்முன் கைகளைத் தட்டி, சிவன் சொத்து ஒன்றையும் கொண்டு போகின்றிலோம் என்று காட்டி விடைபெறும் வழக்கம் யாவரும் அறிந்ததே. சோழர்காலத்துச் சிவாலயக் கொடுக்கல் வாங்கல்கள் சண்டேசுரர் பெயராலேயே நிகழ்ந்தன என்பதைக் கல்வெட்டுக்கள் காட்டும். யாங்கள் அங்ஙனம் கைகாட்டி நின்றபோது அச்சிறுவன் மதிற்புறத்தைச் சுட்டி, "இந்த மதிலின் கல்லெல்லாம் அணைக்கட்டுக்குப் போய்விட்டது, ஐயா. பதிலுக்குச் செங்கல்லால் மதில் கட்டித் தருவோம் என்றார்களாம், கட்டவே இல்லையாம். எங்கள் தாத்தா சொல்லுவார்" என்றான்.

அவன் கூறியது வெறுங்கதையன்று. 1836-ஆம் ஆண்டில் அணைக்கரையிற் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபொழுது, அத்திருக்கோயிலின் திருமதில் பெரும்பாலும் இடிக்கப்பெற்றுக் கற்கள் கொண்டு செல்லப்பட்டன. ஊரிலிருந்த ஏழைமக்கள் இயன்றவரை தடுத்தும் பயனின்றி, அவர்களே தண்டிக்கப்பட்டனர் என்றும், கன்மதிலுக்கு மாறாகச் செங்கன்மதில் எழுப்பித் தருவதாகச் சொல்லப்பட்ட உறுதிமொழி நிறைவேறவில்லை என்றும் 1855-இல் வெளிவந்த குறிப்பொன்று கூறுகின்றது. அணை தீதென்று யான் கூறுவேனல்லேன். அங்கிருந்து வடவாற்றின் வழியே வீராணத்துக்கு நீர் செல்கின்றது, வயல்கள் விளைகின்றன, சென்னை மாநகர்க்கும் குடிநீர் போகின்றது. அந்நீரும் அச்சோறும் கொள்வார் யாவரும் அக்கற்களுக்கும், அவற்றை இழந்த ஊரார்க்கும் கடன்பட்டவரே. ஆயினும் அறிந்தவர் எத்துணையர்? அன்று காலையில் யாங்களும் அவ்வணையின் மேலேயே, எதன்மேற் செல்கின்றோம் என்று அறியாது, காப்பி எங்கே நன்றாயிருக்கும் என்று பேசிக்கொண்டு கடந்தோம்.

நண்பகலில் மீண்டபொழுது வண்டி ஆயத்தமாயிருந்தது. மெக்கானிக் பெல்ட்டின் விலையும் தம் கூலியும் பெற்றுக்கொண்டார். விழாவை விட்டு வந்தமைக்கென்று மேலும் கொடுத்ததைப் பெற மறுத்தார். மூதாட்டியாரிடம் ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். அவர் சினவாது சிரித்து, "மோருக்குக் காசு வாங்குகிற வீடா இது? வைத்துக்கொள்ளுங்கள், ஐயா" என்றார். ஈண்டு நுணுகி நோக்கின் ஒருண்மை புலனாம். கூலிக்கு விலையுண்டு, அதனைக் கொடாமை கொடுமை. பந்தியினின்று எழுந்த மனத்துக்கும், கேளாமுன் புறப்பட்ட காலுக்கும் விலையில்லை. விலையில்லாததற்கு விலை நீட்டுவான், பெரும்பாலும் தன் நெஞ்சின் சுமையை இறக்கிவைத்துவிட்டு மறந்துபோக விரும்புவானே ஆவான். யான் நீட்டிய ஐந்நூற்றில் அவ்விருப்பம் கலந்திருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கின்றேன்.

புறப்படுங்கால், "அந்த நாயனார்கள் கதையெல்லாம் உள்ள புத்தகம் எங்கே கிடைக்கும், ஐயா?" என்று அச்சிறுவன் கேட்டான். "யானே வாங்கி அனுப்புகின்றேன், அப்பா. ஒரு வாரத்தில் வந்து சேரும்" என்று கூறி, அவன் முகவரியைக் கேட்டு என் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டேன்.

வடலூரை அணுகும்பொழுது, பழுதுற்ற ஸ்கூட்டரோடு கணவனும் மனைவியும் குழந்தையும் சாலையோரத்தில் நின்றனர். எங்கள் ஓட்டுநர் யாரையும் கேளாது வண்டியை நிறுத்தி இறங்கி, கால்மணி நேரம் பாடுபட்டு அவர்கள் வண்டியை ஓடச்செய்தார். அதற்குள் யான் இருமுறை கடிகாரத்தைப் பார்த்து, "நேரமாகிறதே" என்றும் கூறினேன். அவர் மீண்டு வந்து, "காலையில் நமக்கு ஒருத்தர் செய்தாரே, ஐயா" என்று மட்டும் சொல்லி வண்டியைச் செலுத்தினார்.

அன்றிரவு திருவதிகையில், உணவுக்குப்பின் நண்பர்கள் இந்நிகழ்ச்சியைப் பற்றியே பேசலாயினர். ஒருவர் கூறினார்: "நமக்கு வந்த உதவி, நாம் முன் செய்த நல்வினை பிராரத்தமாய் நின்று ஊட்டிய பயன். அவர்கள் வாயிலாயினர். வாயிலுக்கு நன்றி கூறுதல் உலகியல் உபசாரமேயன்றிப் பிறிதில்லை." இதற்கு யான் விடை கூறியது: "அற்றன்று. வினை சடமாதலின் தானே வந்து பயன் தாராது. இறைவனே கூட்டுவிப்பன் என்பது நம் துணிபு. இனி, நம் நல்வினை நமக்கு நிழலையும் மோரையும் வருவித்ததென்றே கொள்வோம். அவ்வம்மையார் நெஞ்சில் எழுந்த இரக்கத்தை நம் வினை படைத்ததோ? உயிர்க்கு இச்சையும் அறிவும் செயலும் உண்டென்பது நம் நூற்கொள்கையாகலின், அவ்விரக்கம் அவருடையதே; அச்செயல் அவர்க்கு ஆகாமியமாய் ஏறும். அதனை 'என் புண்ணியம்' என்று நாம் வவ்விக்கொள்வது நன்றி கொல்லுதலோடு ஆணவத்தின் வேலையும் ஆகும்."

மற்றொருவர், "அவனன்றி ஓரணுவும் அசையாது. ஆதலின் நன்றி திருவருளுக்கே உரியது. மனிதரிடம் நிறுத்துதல் குறைபாடன்றோ?" என்றார். அதற்கு யான், "நாம் இருக்கும் தலத்தையே நோக்குங்கள். மருணீக்கியாரின் சூலைநோயைத் தீர்த்தவர் வீரட்டானேசுவரரே. எனினும் நோயுற்றவர் முதலில் வந்து விழுந்தது தமக்கையார் திலகவதியார் திருவடியிலன்றோ? திருநீறு தந்தவரும், திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. அருள் அவர் வழியாக வந்தமையால் அவர் பெருமை குறைந்ததில்லை, மிக்கது. கதிரவன் ஒளியின்றிக் கண் காணாதெனினும், காண்பது கண்ணே. 'எல்லாம் அவன் செயல்' என்று கூறி மனிதரைக் கடந்துசெல்லுதல் பலகாலும் பத்தியன்று, சிக்கனமேயாம். இறைவனுக்கு நன்றி சொல்லுவதில் நமக்குச் செலவொன்றும் இல்லையன்றோ?" என்றேன். நண்பர்கள் சிரித்து உடன்பட்டனர். மறுநாள் மேடையிலும் இதனையே விரித்துரைத்தேன். கேட்டோர் பாராட்டினர். இவை அனைத்தையும் சொல்லாமலே செய்து முடித்த ஓட்டுநர், அவ்வேளையில் காரிலேயே உறங்கிக்கொண்டிருந்தார்.

இனி என் குறையைக் கூறுகின்றேன். ஊர் மீண்டபின் புத்தகக் கடைக்குச் செல்ல நினைத்தேன். வேறு வேலை வந்தது. வாரம் திங்களாயிற்று. பஞ்சாங்கம் பழையதாகிப் பரண் ஏறியது. ஆனால் 1836-இல் கற்களைக் கொண்டுசென்று மதில் கட்டித்தாராத வரலாற்றை மட்டும் யான் மறந்திலேன். அவ்வாண்டில் மூன்று மேடைகளில் அதனைச் சொன்னேன். 'சொன்ன சொல்லைக் காவாதவர்' என்று அவர்களைக் கடிந்தும் பேசினேன். பேசிய நா என்னுடையது என்பதும், அனுப்பாத புத்தகமும் என்னுடையது என்பதும் ஒருமுறையேனும் ஒருங்கே நினைவுக்கு வந்தில.

அடுத்த ஆண்டும் சித்திரைச் சதயத்துக்குப் புறப்பட்டோம். இம்முறை அணைக்கரையின் மேற் செல்லுங்கால், யான் உடன்வந்தோர்க்குக் கற்களின் வரலாற்றைக் கூறத் தொடங்கி, "செங்கன்மதில் கட்டித் தருவதாகச் சொன்னவர்கள்" என்ற அளவில் நா எழாது நின்றுவிட்டேன். அச்சிறுவன் முகமும் பஞ்சாங்கத்தின் பின்னட்டையும் ஒருங்கே தோன்றின. ஒரு வாரம் என்றது ஓராண்டாயிருந்தது. கையிற் புதுப்புத்தகம் இல்லை. ஊர் சென்று அனுப்புவோம் என்னும் எண்ணம் எழுந்தது. அஃது இன்னொரு செங்கன்மதிலே என்று அஞ்சி, வண்டியை அவ்வோட்டுவீட்டின்முன் நிறுத்தச் சொன்னேன். சொற்பொழிவுக்கென்று என் பையில் வைத்திருந்த ஆறுமுக நாவலர் அவர்களின் பெரியபுராண வசனம், என் ஆசிரியர் கையினின்று யான் பெற்ற பழம்பிரதி, அதுவே கொடுத்தற்கு இருந்தது.

மூதாட்டியார் திண்ணையில் இருந்தார். என்னை நோக்கி, "எந்த வண்டி, ஐயா? இந்த ரோட்டில் எத்தனையோ வண்டி நிற்கிறது" என்றார். மோரும் கோயிலும் கூறி நினைவூட்டியும் அவர்க்கு எங்களை அடையாளம் தெரிந்ததில்லை. கொடுத்த உதவியை அவர் முற்றும் மறந்திருந்தார். அதனால் என் நெஞ்சு ஒருவாறு இளகியது. ஆயின் புத்தகத்தைப் பற்றிக் கூறியவுடன், "ஓ, அதுவா? பையன்தான் கொஞ்ச நாள் தபால்காரரைக் கேட்டுக்கொண்டே இருந்தான். அப்புறம் விட்டுவிட்டான்" என்றார்.

அச்சொல்லுக்கு என்னிடம் விடையில்லை. சிறுவன் பள்ளியிலிருந்தான். பிரதியை அவரிடம் கொடுத்து, காலந்தாழ்த்தியதற்குப் பொறுக்குமாறு அவனுக்கு நாலு வரி எழுதி வைத்தேன். அவர் மீண்டும் மோர் கொடுத்தார், வாங்கி உண்டேன். இம்முறை காசு நீட்டவில்லை. அன்று திருவதிகையிற் புத்தகமின்றிப் பேச நேர்ந்தது. மதிலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

தொடக்கத்திற் கிளத்திய வினாக்களுக்கு இப்பொழுது என்னால் இயன்ற விடை இது. உதவி செய்தார் அதனை மறப்பது அவர் உயர்வு. பெற்றவன் மறப்பின் அதற்கு அம்மறதி துணையாகாது. பொருள் கொடுக்கவேண்டிய இடத்திற் பொருள் கொடுத்தல் முறையே. அதனால் அறிதல் முடிந்துவிடுவதில்லை. அறிதலாவது, எங்கிருந்து, யார்வழி, யாது இழந்து இவ்வுதவி நம்மிடம் வந்தது என்பதைக் கண்டு, அக்காட்சி மறையாது வைத்திருத்தல். அதனாலேயே ஊரையும் கோயிலையும் காணுதல், யாங்கள் கருதியவாறு வண்டி பழுதுபார்க்கும் வரையிற் பொழுதுபோக்குதல் மட்டும் ஆகவில்லை. காணாதிருந்தால் மோர் தந்தவர் யார், அவ்வூர் முன்பு யாது கொடுத்தது, யாது பெறாது போயிற்று என்பவற்றை அறிந்திரேன்.

நம் சமயநூல்கள் உயிரிடத்து எதிர்பார்ப்பதும் இதனையே எனலாம். அநாதியே உடனின்று உதவும் முதல்வனுக்கு உயிர் திருப்பிக் கொடுக்கக்கூடியது ஒன்றுமில்லை. ஆணவம் அவ்வுதவியை அறியவொட்டாது மறைக்கின்றது. மறைப்பு நீங்கி அறிதலே வீடு. அப்பேருதவியை அறியும் பயிற்சிக்கு, திண்ணையில் ஒருவர் தந்த மோரை அறிதலினும் எளிய தொடக்கம் வேறு யாதுளது? அதிலேயே தவறிய யான் பிறர்க்கு உபதேசிக்கும் உரிமையுடையேனல்லேன். அன்பர்களை வேண்டுவது ஒன்றே: வழியில் எவர்க்கேனும் ஒன்று அனுப்புவதாகக் கூறி முகவரி எழுதிக்கொண்டிருப்பீராயின், இவ்விதழை மூடிவைத்துவிட்டு அதனை இன்றே தேடி எடுப்பீராக.